அது சிரை இல்லை

கையெழுத்துக்கான தாள் மடியில் இருக்கிறது. ஒரே பக்கம், டைப் அடித்தது. அடியில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே 'இசக்கியம்மாள், ஸ்டாஃப் நர்ஸ்' என்று என் பெயரைக்கூட அவர்களே அடித்து வைத்துவிட்டார்கள். நான் செய்ய வேண்டியது கோட்டின்மேல் பேனாவை ஓட்டுவது மட்டும்தான். மூன்று மணிக்கு உள்ளே கூப்பிடுவாராம் தங்கதுரை சார். நிர்வாக அதிகாரி, ஏ.ஓ. என்றால்தான் இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். இப்போது மணி இரண்டு பத்து. அவர் அறைக்கு வெளியே மூன்று இரும்பு நாற்காலிகளை ஒரே கம்பியில் கோத்துப் போட்டிருக்கிறார்கள். நடு நாற்காலியில் நான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் மூன்றும் சேர்ந்து ஆடும். யாரும் உட்காரவில்லை. பதினொரு நாளாக யாருமே என் பக்கத்தில் உட்காருவதில்லை, சாப்பாட்டு அறையில்கூட. அவசரப் பிரிவிலிருந்து என்னைத் தூக்கித் துணி அறையில் போர்வை மடிக்கப் போட்டிருக்கிறார்கள். மடிக்கிறேன். தாளில் மொத்தம் ஆறு வாக்கியம். நாலு வாக்கியம் உண்மை: தேதி, நேரம், நோயாளி முத்துராசு வயது இருபத்தாறு பரோட்டா மாஸ்டர், வாந்தி வயிற்றுப்போக்கோடு வந்தார். ஐந்தாவது, 'நோயாளியின் வலது முழங்கை மடிப்பில் ஊசிக்குழாயை நானே செலுத்தினேன்.' ஆறாவது, 'அது சிரைக்குப் பதிலாகத் தமனிக்குள் சென்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை.' ஐந்தாவது பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும், டைப் அடித்தவருக்குத் தெரியும், அடிக்கச் சொன்னவருக்கும் தெரியும். பொய்யைப் பொய் என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் ஆறாவது! கவனிக்கவில்லையாம். யார், நானா? பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்குக் குறைந்தது எட்டுக் கையைப் பிடித்துத் தட்டித் தடவி ஊசி போட்டவள், குழந்தைக் கை, கிழவி கை, பயத்தில் இழுத்துக்கொள்ளும் கை, எல்லாக் கையையும் பார்த்தவள், கவனிக்கவில்லையாம். அந்த ஒரு சொல்லை அடித்த விரலை நான் பார்க்க வேண்டும்.

கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சொல்வேனே. இதோ என் இடது கை. முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைக்கிறேன். மேலாக, தோலுக்கு நேர் கீழே, மெத்தென்று ஒரு மேடு. அழுத்தினால் அமுங்கும், விட்டால் மெதுவாக நிறையும், எந்தப் பதிலும் சொல்லாது. அது சிரை. இன்னும் உள்ளே, தசைநாரை ஒட்டி, விரலை ஆழமாக ஊன்றினால், திருப்பி அடிக்கிறதே, இது தமனி. நான் அழுத்துகிறேன், அது என்னை அழுத்துகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறேன். நிமிஷத்துக்கு நூற்று நாலு. சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு நூற்று நாலு. கோபத்துக்கு ஒரு எண் வேண்டுமென்றால் இதோ. புத்தகத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று படம் போட்டிருப்பான். நம் தோலில் நீலமாவது ஒன்றாவது, வெள்ளைத்தோல்காரன் போட்ட படம் அது. விரலுக்குத்தான் தெரியும். தமனியின் சுவர் தடிமன், ரப்பர் குழாய் மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாமல் போனாலும் வட்டமாகவே நிற்கும். இருதயம் பின்னால் நின்று ஒவ்வொரு துடிப்புக்கும் நெட்டித் தள்ளுவதைத் தாங்க வேண்டுமே. சிரை, பால் ஊற்றி முடித்த பாக்கெட் மாதிரி; உள்ளே இருப்பது குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். தள்ள ஆளில்லாமல் மெல்லத் திரும்பும் ரத்தம் அதில். பின்னால் வழுக்கிவிடாமல் இருக்க இடைக்கிடை சின்னக் கதவுகள், ஒரு பக்கம் மட்டும் திறப்பவை. நர்சிங் பள்ளிக்கூடத்தில் முதல் வருஷப் பரீட்சையில் பத்து மார்க் கேள்வி, தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடுகள். நடுவில் கோடு போட்டு எழுதினேன். எட்டு மார்க்தான் வந்தது. தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று எழுதியிருந்தேனாம். அந்த டியூட்டருக்கு வந்ததே ஒரு கோபம், விடைத்தாளை மேசையில் அடித்து, "கெட்ட ரத்தம்னு ஒண்ணு கிடையாதுடி, அது வேலை முடிச்சிட்டுத் திரும்புற ரத்தம்" என்று கத்தினாள். இரண்டு மார்க்குக்கு அப்படிக் கத்தினாள். மூன்று விரலுக்கு இங்கே யாரும் கத்தவில்லை. ஏ.சி. ஓடுகிறது, பினாயில் மணக்கிறது, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே யாரோ சிரிக்கிறார்கள்.

நடந்தது செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அவசரப் பிரிவில் நானும் டியூட்டி டாக்டர் நவநீத்தும். முத்துராசுவை அவன் பெண்டாட்டி காளீஸ்வரி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். விடிந்ததிலிருந்து வாந்தி, பேதி. வேறொரு கிளினிக்கில் ஊசி போட்டும் நிற்கவில்லை. உதடு காய்ந்து, கண் உள்ளே போய், ஆனாலும் பேசிக்கொண்டிருந்தான். நான் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் எழும்பவில்லை. உடம்பில் தண்ணீர் இல்லையென்றால் சிரைகள் அப்படித்தான், ஒட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும். "சிஸ்டர், ஒரு நாளைக்கு ஆயிரம் பரோட்டா வீசுத கை இது. நரம்பெல்லாம் பயந்து உள்ள ஓடிட்டு போல" என்றான். காளீஸ்வரி, "சும்மா கெடயும், பேசாதீரும்" என்று அவன் நெற்றியைத் துடைத்தாள். இரண்டு தடவை குத்தினேன், இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. அது என் தோல்விதான், வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் நவநீத் வந்து, "நகருங்க சிஸ்டர், நான் பாக்குறேன்" என்றார். ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டரின் அக்கா மகன். படித்து முடித்து ஒன்பது மாதம். ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பின் உள்பக்கமாக, நான் ஒருநாளும் போகாத இடத்தில், ஒரே குத்து. உள்ளே போய்விட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். அதைத்தான் பார்த்தேன். சிரை ரத்தம் நாவல்பழச் சாறு மாதிரி இருண்டு, சோம்பேறியாக ஊசியின் பின்னறைக்குள் வந்து நிற்கும். இது கோவைப்பழச் சிவப்பு. கண்ணைக் குத்துகிற சிவப்பு. வந்து நிற்கவில்லை, துள்ளியது. ட்ரிப் டியூபை மாட்டினால் தண்ணீர் கீழே இறங்க வேண்டும்; இறங்கவில்லை. ரத்தம் டியூபில் மேலே ஏறுகிறது, ஒரு துடிப்புக்கு ஒரு படி, ஒரு துடிப்புக்கு ஒரு படி. சொன்னேன். "சார், ரத்தம் துள்ளுது. இது ஆர்ட்டரி மாதிரி இருக்கு." சொன்னேனா இல்லையா? சொன்னேன். அவர், "பட்டைய இப்பதானே கழட்டினேன், அந்தப் ப்ரஷர்தான். பாட்டிலைத் தூக்கிப் பிடிங்க" என்றார். தூக்கிப் பிடித்தேன். "வாந்திக்கு மருந்து குடுங்க." மருந்து ஏறியது. முத்துராசு கட்டிலைவிட்டு ஓர் அடி எழும்பிவிட்டான். "யம்மா, கை எரியுதே! கைக்குள்ள கொதிக்கிற எண்ணெய ஊத்துதாங்களே!" தினமும் கொதிக்கிற கல்லுக்கு முன்னால் நிற்கிறவன் அவன், சூடு என்றால் என்னவென்று தெரிந்தவன் சொன்னான்.

எது எங்கே போகிறது என்று தெரியாமல் இதன் கொடுமை தெரியாது. சிரையில் போட்ட மருந்து இருதயத்தைப் பார்த்துப் போகிறது. சந்திலிருந்து தெரு, தெருவிலிருந்து பெரிய ரோடு என்று போகப் போக வழி அகலும், மருந்து ரத்தத்தோடு ரத்தமாகக் கலந்து கரைந்துவிடும். தமனியில் போட்டால் நேர் எதிர். இருதயத்தை விட்டு விலகி ஓடுகிற ஓட்டம் அது. பெரிய ரோட்டிலிருந்து தெரு, தெருவிலிருந்து சந்து, சந்திலிருந்து முட்டுச்சந்து. விரல் நுனியில் மயிரிழைக் குழாய்கள். கரையாத மருந்து முழுசும் அங்கே போய் அடைத்துக்கொள்ளும், அரிக்கும், ரத்தம் உறையும். அவன் கை முதலில் வெளுத்தது, பிணத்தின் கை மாதிரி. மத்தியானத்துக்குள் புள்ளி புள்ளியாக ஊதா. மறுநாள் விரல் நுனிகள் கறுப்பு. அந்தக் கறுப்பு நாளுக்கு நாள் உள்ளங்கையைப் பார்த்து இறங்கியதை நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவேன். எட்டாம் நாள் வெளியூர் சர்ஜன் வந்து ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றையும் எடுத்தார். கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். கட்டை விரலையும் சுண்டு விரலையும் வைத்துக்கொண்டு மாவை எப்படி வீசுவது? இதற்கு இவர்கள் வைத்த பேர் அலர்ஜி. முத்துராசுவை இரண்டாம் மாடியில் ஏ.சி. அறைக்கு மாற்றிவிட்டு, பழத்தட்டு வைத்துவிட்டு, "சில பேர் உடம்புக்கு நரம்பு ஊசி ஒத்துக்காதும்மா, அலர்ஜி" என்றார்கள். நரம்பு! நம் ஜனங்களுக்கு எல்லாமே நரம்புதான். வலி கடத்துவதும் நரம்பு, ரத்தம் கொண்டுபோவதும் நரம்பு, கொண்டுவருவதும் நரம்பு. மூன்றுக்கும் ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை படித்தவர்களும் ஒளிந்துகொண்டார்கள். காளீஸ்வரி என்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள், "சிஸ்டர், நரம்புல ஏதோ ஒத்துக்கிடலையாமே, உள்ளதுதானா?" அவளிடம் நான் என்ன சொன்னேன்? "டாக்டர்கிட்ட கேளும்மா." சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். காளீஸ்வரியின் அண்ணன் சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்த பிறகுதான் இவர்களுக்கு அலர்ஜி போதவில்லை. ஊசி போட்டது யார் என்று அங்கிருந்து கேட்டுவிட்டார்கள். ஒரு பேர் வேண்டும். இருக்கிறதே, இசக்கியம்மாள்.

மணி இரண்டரை. கண்ணாடிக் கதவு திறந்து ஏ.ஓ. எட்டிப் பார்க்கிறார். "என்ன சிஸ்டர், வாசிச்சிட்டீங்களா? அவசரமில்ல. பெரிய டாக்டர் மூணு மணிக்கு வந்திருவாங்க." கதவு மூடிக்கொள்கிறது. இந்த மனுஷன் நேற்று என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்து, எவ்வளவு பதவிசாகப் பேசினார்! "சிஸ்டர், நீங்க நம்ம குடும்பம் மாதிரி. போலீசு, கோர்ட்டுன்னு எதுவும் போகாம பாத்துக்கிடுதோம். மூணு மாசம் லீவுல இருங்க, பெறகு நம்ம தென்காசி கிளையில சேந்துக்கிடுங்க. நவநீத் தம்பிக்கு மேல்படிப்புக்கு சீட்டு வந்திருக்கு, இப்ப பேரு கெட்டா எல்லாம் போச்சு. அவருக்கு வாழ்க்கையே முன்னால இருக்கு." வாழ்க்கை முன்னால் இருக்கிறதாம். முத்துராசுவுக்கு வாழ்க்கை எங்கே இருக்கிறது, முதுகுக்குப் பின்னாலா? நாற்பத்து மூன்று வயசான எனக்கு? எனக்கு இருப்பது என்ன, மிச்சமா? டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அதுதான் என்னைத் தின்கிறது. அந்த டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டாமா? குடித்தேன், "நல்லாருக்கு சார்" என்றும் சொன்னேன். பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கட்டிடம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். சரி சார். ஆகட்டும் சார். நல்லாருக்கு சார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்துச் சீட்டில் அளவு தப்பாக இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் நோயாளிக்கு முன்னால் சொல்லிவிட்டேன். தப்புத்தான் அது, அவரே திருத்தினார். திருத்திவிட்டு, ஒரு வாரம் என்னை எல்லோர் முன்னாலும் 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டார். "டாக்டரம்மா, இந்த வாளியை எடுத்துட்டுப் போங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எதையும் இரண்டு தடவை சொன்னதில்லை. ஒரு தடவை சொல்வது, என் கடமை முடிந்தது. இரண்டாம் தடவை சொன்னால் திமிர்.

போன் நடுங்குகிறது. அருணாசலம். என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக். பின்னால் யாரோ இரும்பை அடிக்கும் சத்தம். "ஏட்டி, சாப்பிட்டியா?" இல்லை என்றேன். "முடிஞ்சிட்டா?" இன்னும் கூப்பிடலை என்றேன். "கையெழுத்துப் போட்டுட்டு வந்து தொலையாத பாத்துக்கோ. நீ குத்தலைல்லா? பெறகு எதுக்கு ஒத்துக்கணும்? டாக்டர்தான குத்துனாரு? நீ சொன்னேல்லா?" சொன்னேன், சொன்னேன், அதைத்தானே பதினொரு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "சரி, ஊசிய யாரு அழுத்துனா?" வேறு எதையும் நினைத்து அவர் கேட்கவில்லை. வண்டியில் சத்தம் வந்தால் எந்த போல்ட்டு என்று கேட்பாரே, அதே மாதிரிக் கேட்டார். இத்தனை நாளில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. ஏ.ஓ. கேட்கவில்லை, பெரிய டாக்டர் கேட்கவில்லை, டைப் அடித்த தாளிலும் இல்லை. "டாக்டர் குடுக்கச் சொன்னாரு" என்றேன். "அது சரி, அழுத்துனது யாருன்னு கேக்கேன்." கட் பண்ணிவிட்டேன். இப்போது இந்தக் கோபம் எதற்கு? அவர்மேல் ஏன் இவ்வளவு வருகிறது? கிரீஸ் கையோடு நிற்கிற மனுஷன், சாப்பிட்டியா என்று கேட்ட மனுஷன், அவர் தலையில் எதையாவது தூக்கிப் போட வேண்டும் போலிருக்கிறது.

மருந்து ஏறியது. மருந்து ஏறியது என்று எத்தனை தடவை எனக்குள் சொல்லிவிட்டேன். மருந்து தானாக ஏறுமா? சிரிஞ்சுக்குள் கிடக்கிற மருந்துக்குக் காலா இருக்கிறது? அழுத்தியது என் கட்டை விரல். இந்தக் கட்டை விரல். சிவப்பைப் பார்த்தேன், துள்ளுவதைப் பார்த்தேன், டியூபில் படிப்படியாக ஏறியதைப் பார்த்தேன், அது சிரை இல்லை என்று என் உடம்பு முழுக்கத் தெரியும், தெரிந்து ஒரு தடவை சொன்னேன், அவர் 'குடுங்க' என்றார், குடுத்தேன். அழுத்தும்போது வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. சிரையில் மருந்து வழுக்கிக்கொண்டு போகும், இது எதிர்த்தது. அவன் கை எனக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மாதிரி எதிர்த்தது, நான் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, சாமியிடம்கூடச் சொல்லவில்லை. அவன் கத்தினதும் நிறுத்தினேன். பாதி மருந்து மிச்சம் இருந்தது. பாதி. நிறுத்தினேனே என்று அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் பதினொரு ராத்திரி கண்ணை மூடப் பார்த்தேன். நவநீத்தைத் திட்டினேன், ஏ.ஓ.வைத் திட்டினேன், 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டவரைப் பதினெட்டு வருஷம் கழித்துத் திட்டினேன், இப்போது அருணாசலத்தையும். வரிசையாக எல்லோரையும் நிறுத்தித் திட்டிவிட்டு, வரிசையின் கடைசியில் நிற்கிறவளை மட்டும் பார்க்காமல் வந்துவிடுகிறேன். கவனிக்கவில்லை என்று அவர்கள் எழுதியதற்கு எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது? கவனித்தேன் என்பதால். கவனித்தவள் அழுத்தினேன். கவனிக்காமல் அழுத்தியிருந்தால் அது பிழை. இது என்ன? இதற்கு என்ன பேர்? அவர்களுடைய பொய் என்னைக் காப்பாற்றுகிறது. யோசித்துப் பார், இசக்கி. கையெழுத்துப் போட்டால் நீ கைத்தவறு செய்த ஒரு நர்ஸ், பாவம், மூன்று மாசம் லீவு. உண்மையைச் சொன்னால் நீ தெரிந்தே அழுத்தியவள். இந்தத் தாளிலேயே எனக்குத்தான் சலுகை அதிகம். அதுகூடத் தெரியாமல் நாற்பது நிமிஷம் இதைக் கையில் வைத்துக்கொண்டு கொதிக்கிறேன்.

எழுந்துபோய் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் இரண்டு வெள்ளைத்தாள் கேட்டேன். கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். திரும்பி வந்து, மடிமேல் அந்த டைப் அடித்த தாளையே அட்டையாக வைத்துக்கொண்டு எழுதினேன். ஆங்கிலத்தில்தான் நாங்கள் குறிப்பு எழுதுவோம், தமிழில் எழுதினேன். நரம்பு என்ற சொல் ஒரு இடத்திலும் வரக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். முதல் தாளில் இரண்டு இடத்தில் அடித்தல். 'ஒரு தடவை சொன்னேன்' என்பதற்கு முன்னால் 'தெளிவாக' என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். 'டாக்டர் சொன்னதால்' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். அவர் சொன்னது மேலே தனியாக இருக்கிறதே, என் வரிக்குள் அதற்கு என்ன வேலை. பிறகு அதைப் பார்த்து இரண்டாம் தாளில் சுத்தமாக இன்னொன்று. இரண்டிலும் என் பெயர், தேதி, கையெழுத்து. நாடியை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று ஐந்துக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் ஏ.ஓ.வின் நாற்காலியில், ஏ.ஓ. பக்கத்தில் நின்றபடி, நவநீத் ஜன்னலோரம் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு. சுத்தமாக எழுதியதை என் பையில் வைத்துவிட்டு, அடித்தல் திருத்தலோடு இருந்ததை மேசைமேல் வைத்தேன். ஏ.ஓ. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது? நாம பேசுனது இது இல்லையே" என்றார்.

"நீங்க பேசுனீங்க சார். நான் டீ குடிச்சேன்."

பெரிய டாக்டர் கையை நீட்டினார். நிதானமாக வாசித்தார், ஒரு முறை, பிறகு மறுபடி. "இசக்கியம்மா, இதுல நவநீத்தை மட்டும் நீ மாட்டிவிடலை. உன்னையும் மாட்டிவிட்டிருக்க. தெரிஞ்சே அழுத்தினேன்னு எழுதியிருக்க. லைசென்ஸ் போயிரும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"பிறகு எதுக்கு? ஒரு வரியை எடுத்துடு. 'சொன்னேன், கேக்கலை'ன்னு நிறுத்திக்கோ. அவ்வளவோட நின்னா சுகாதார ஆபீஸ்ல நான் பேசிப் பாக்குறேன்."

பார்த்தீர்களா, எவ்வளவு அழகாக எனக்கு ஒரு கதவைத் திறக்கிறார். ஒரு நிமிஷம், பொய் சொல்லவில்லை, ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னலோரத்திலிருந்து நவநீத், "சிஸ்டர், ப்ளீஸ்" என்றார். குரல் உடைந்திருந்தது. அன்றைக்கு முத்துராசுவின் கை ஊதாவானபோது இந்தப் பையன் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான், நான் கேட்டேன். கேட்டு, வெளியே நின்று, அழட்டும் என்று இருந்தேன். இப்போது அவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "டாக்டர், நான் ஒரு தடவைதான் சொன்னேன். ரெண்டாந்தடவையும் சொல்லியிருக்கணும். ஊசிய உருவிக் கீழ போட்டிருக்கணும். நீங்க குத்துனது தெரியாம. நான் அழுத்துனது தெரிஞ்சி. ரெண்டும் அதுல இருக்கு. ஒண்ணை எடுத்தா மத்தது பொய்யாயிரும்" என்றேன். சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது, ஏ.ஓ. போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவை நான் திறந்துகொண்டு வந்தேன். பின்னால் பெரிய டாக்டர், "அவளை நிறுத்துங்க" என்றார். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் ஏறினேன். இரண்டாம் மாடி, வலது பக்கம், கடைசி அறை. முத்துராசு தலையணையில் சாய்ந்திருந்தான். வலது கை பெரிய வெள்ளை மூட்டையாக மார்புமேல். காளீஸ்வரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், "வாங்க சிஸ்டர்." அந்த 'வாங்க'தான் தாங்கவில்லை. படியில் வைத்து என்னிடம் கேட்டவள், பதில் கிடைக்காதவள், இன்னும் வாங்க என்கிறாள். பேச வேண்டும் என்றுதான் வந்தேன். வாயைத் திறந்தால் மறுபடி 'மருந்து ஏறியது' என்று வந்துவிடும் என்று பயம். பையிலிருந்து அந்தச் சுத்தமான தாளை எடுத்து நீட்டினேன். "இதை வாசிம்மா. அவருக்கும் கேக்கட்டும்." ஆரஞ்சுச் சாற்றை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஒன்பதாவது வரை படித்திருப்பாள் போல. வரிக்குக் கீழே விரலை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, சத்தமாக வாசித்தாள்.

"முத்துராசுவின் வலது முழங்கை மடிப்பில் ஊசிக்குழாயைப் போட்டது டாக்டர் நவநீத். அது போனது சிரைக்குள் இல்லை, தமனிக்குள். தமனி என்பது இருதயத்திலிருந்து விரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். அதில் மருந்து போடக் கூடாது. போட்டால் மருந்து விரலில் போய் அடைக்கும். ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருந்தது, துள்ளியது, டியூபில் மேலே ஏறியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தடவை சொன்னேன். டாக்டர் கேட்கவில்லை, மருந்தைக் கொடுக்கச் சொன்னார். இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. மருந்தை அழுத்தியது என் கை."

நிறுத்திவிட்டாள். விரல் அந்த வரியிலேயே நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், முகத்தை இல்லை, என் கையை.

"நிறுத்தாத," என்றான் முத்துராசு. "வாசி."

"தெரிந்தே அழுத்தினேன். அவர் கத்திய பிறகுதான் நிறுத்தினேன். இது அலர்ஜி இல்லை. இப்படிக்கு, இசக்கியம்மாள்."

வராந்தாவில் யாரோ அவசரமாக நடந்து வருகிற சத்தம் கேட்டது, ஏ.ஓ.வாக இருக்கும். காளீஸ்வரி போய் அறைக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு, கதவில் முதுகை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. முத்துராசு மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபடியே, "இன்னொருக்கா வாசி" என்றான். "மெதுவா வாசி. எனக்கு வெளங்கணும்." வெளியே கதவைத் தட்டினார்கள். காளீஸ்வரி தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்து, தட்டுகிற சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.